ஏலக்காய் போடாத பாயசம்

பலகாரங்களுக்குப் பெயர் வைப்பதில் குவாதமாலாக்காரர்களுக்கு ஒரு குறும்பு உண்டு. ரம் கலந்த பாகில் ஊறிய கேக்குக்கு அவர்கள் வைத்த பெயர் ‘குடிகாரன்’. பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து விரல் நீளத்துக்கு நறுக்கிய தித்திப்புக்கு ‘குச்சிக் கால்’. சோளப் பொரியை வெல்லப் பாகில் பிடித்து உருட்டினால் நாம் பொரி உருண்டை என்று சாதுவாகச் சொல்லிவிட்டுப் போவோம். அவர்களோ அதை ‘அமளி’ என்கிறார்கள்! இவை போதாதென்று ‘செருப்பு’ என்றும் ஒரு பட்சணம் இருக்கிறது.

செருப்பைத் தின்பதாவது என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டுச் சௌசௌதான். காயை வேகவைத்து, இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் சதையை வழித்தெடுத்துச் சர்க்கரை, ரொட்டித் தூள், உலர்ந்த திராட்சை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, மறுபடி அந்த ஓட்டிலேயே நிரப்பி அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். சௌசௌவின் பிறந்தகம் அந்தப் பக்கம்தான்: தெற்கு மெக்ஸிகோவும் குவாதமாலாவும். பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பெயரை மாற்றிக்கொண்டு நம்மிடம் கூட்டும் பொரியலுமாகக் காலம் தள்ளுகிற அந்தக் காய்க்குப் பிறந்த வீட்டில் நடக்கும் சீராட்டைப் பார்த்தபோது எனக்குச் சற்றுப் பரிதாபமாகவே இருந்தது.

ஸ்பானிஷ் மொழி கற்பதற்காக ஆன்டிகுவா என்ற ஊரில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். ஒரு காலத்தில் அதுதான் தலைநகரம். 1773-ல் வந்த பூகம்பம் ஊரைக் குலைத்துப் போட்டது. 1776-ல் தலைநகரத்தையே வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த கன்னிமாடங்கள் இன்றும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அந்த மடங்களின் சமையலறைகளில் கன்னியாஸ்திரீகள் செய்து பழகிய தித்திப்புகள்தாம் இன்று மிட்டாய்க் கடைகளில் அடுக்கடுக்காக வீற்றிருக்கின்றன. ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த கரும்பும் பாலும் முட்டையும் ஒரு பக்கம். மாயா மக்களின் பூசணியும் பீன்ஸும் கொக்கோவும் மறு பக்கம். இரண்டும் சம்பந்தம் செய்துகொண்டதில் பிறந்த குழந்தைகள் இவை.

நான் தங்கிய வீட்டு அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த ஊரில் பெரிய மனுஷிகளைத் ‘தோன்யா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே அழைத்தேன். தோன்யா கையால் செய்த ‘ரெயெனீத்தோ’வை இன்னும் மறக்க முடியவில்லை. கனிந்த நேந்திரம் போன்ற வாழைப்பழத்தை வேகவைத்து மசித்து, உள்ளே பூரணம் வைத்து, முட்டை வடிவில் உருட்டிப் பொரித்து, மேலே சர்க்கரையைத் தூவுவார். பூரணம் கறுப்புப் பீன்ஸ். சர்க்கரையும் கொஞ்சம் சாக்லெட்டும் சேர்த்துக் கிளறியது. சுழியம் தின்று வளர்ந்தவர்கள் யாரும் இதை அந்நியமாக நினைக்க மாட்டார்கள்.

நவம்பர் முதல் தேதி இறந்தவர்களுக்கான பண்டிகை. தடித்த தோல் கொண்ட பூசணியைத் தோலோடு துண்டம் போட்டு, வெல்லம், பட்டை, கிராம்பு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். கிளறக் கூடாது, கிளறினால் கரைந்துவிடும் என்று தோன்யா கரண்டியை ஒளித்தே வைத்துவிட்டார்! பாகு தேன் போலக் கறுத்து வந்ததும் முதல் கிண்ணம் காலஞ்சென்ற கணவரின் படத்தின் முன்னால் போயிற்று. பக்கத்தில் மஞ்சள் சாமந்தி. எங்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் எனக்குப் பொருந்தவேயில்லை. தோன்யா அடிக்கடி பால் பாயசம் வைப்பார். அரிசி, பால், சர்க்கரை எல்லாம் நம்முடையது மாதிரியேதான். ஆனால் வாசனைக்கு லவங்கப்பட்டை! ஏலக்காய் இல்லை. பூசணியில் இல்லை, புட்டிங்கில் இல்லை, எதிலுமே இல்லை. இத்தனைக்கும் பல ஆண்டுகளாக உலகச் சந்தைக்கு மிக அதிகமாக ஏலக்காய் அனுப்பிவரும் தேசம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த செடியை 1914-ஐ ஒட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கோபான் பக்கத்து மலைகளுக்குக் கொண்டுபோனார். விளைவது அங்கே, காப்பியில் கலந்து குடிப்பது அரபு நாடுகளில். விளைவித்தவர்கள் வீட்டில் மட்டும் அதற்கு வேலையில்லை.

தோன்யாவுக்குச் சமையலில் உதவ இருபது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கோபானுக்கும் அப்பால் ஒரு மலைக் கிராமம். கெக்சி என்ற மாயா மொழிதான் அவளுடைய தாய்மொழி. ஸ்பானிஷ் என்னைப் போலவே கற்றுக்கொண்டது. ஆகையால் நாங்கள் இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்வோம். ஒருத்தி பேச்சு ஒருத்திக்கு நன்றாகப் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாயசம் வைத்தேன். பிரயாணத்தில் குமட்டலுக்காக ஊரிலிருந்து கொண்டுபோன ஏலக்காய் கைப்பையில் கிடந்தது. நாலு காயைத் தட்டிப் போட்டேன். அடுப்பங்கரைக்குள் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“எங்கள் அண்ணன் சட்டை வாசனை!” என்றாள்.

அவர்கள் கிராமத்தில் ஏலக்காயைப் பச்சையாகவே தரகர்களிடம் விற்றுவிடுகிறார்கள். அந்தத் தரகர்களுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் ‘கொயோத்தே’. நரி ஜாதியைச் சேர்ந்த ஒரு மிருகம் அது. காயை உலர்த்தும் விறகுச் சூளையில் அண்ணன் இரவெல்லாம் கட்டை போடுகிற வேலை பார்த்தான். விலை விழுந்த வருஷம் கடன் வாங்கிக்கொண்டு வடக்கே அமெரிக்காவுக்குப் போனவன்தான். பணம் வருகிறது, அவன் வரவில்லை.

குவாதமாலாவில் விளைச்சல் அமோகம் என்றால் நம் போடிநாயக்கனூர் வியாபாரிகளுக்கு வயிற்றைக் கலக்கும் என்று அவளிடம் சொன்னேன். அங்கேயும் மலை உண்டா, பெண்கள்தான் காய் பறிப்பார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு, “உங்கள் ஊர்க் கடையில் ஒரு ராத்தல் என்ன விலை?” என்றாள். ஐம்பது கிராம் கணக்கை ராத்தலாக்கி, ரூபாயை அவர்கள் நாணயமான கெட்சாலாக்கிச் சொன்னேன்.

“பச்சையா, காய்ந்ததா?”

“காய்ந்தது.”

விரல் விட்டு எண்ணினாள். ஒரு ராத்தல் காய்ந்த காய்க்கு நாலு ராத்தலுக்கு மேல் பச்சைக் காய் வேண்டும். எண்ணி முடித்து ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்துப் பாயசத்தைச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டாள். பிறந்து வளர்ந்த இருபது வருஷத்தில் ஏலக்காயை வாயில் போட்டது அன்றுதானாம்.

தோன்யா ஒரு வாய் குடித்துவிட்டு, “நன்றாயிருக்கிறது, ஆனாலும் பட்டை மாதிரி வருமா!” என்று தீர்ப்புச் சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும்போது மிச்சம் இருந்த ஏலக்காயை அந்தப் பெண்ணிடம் நீட்டி, “கிராமத்துக்குப் போகும்போது அம்மாவுக்கு இந்தப் பாயசம் வைத்துக் கொடு” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையை மூடிவிட்டாள்.

“காய் எங்கள் வீட்டில் கூடை கூடையாக இருக்கிறது. பாலும் சர்க்கரையும்தான் வாங்க வேண்டும்.”