முற்றத்து மல்லிகை யாருக்கு?

பூப்பாத்தி அமைக்க எண்ணுவோர் முதலில் செடியைத் தேடுகின்றனர். முதலில் தேட வேண்டியது வெயிலை. நாகமலையின் அடிவாரத்தில், புதுக்கோட்டையில் குடியிருக்கும் நாங்கள், முற்றத்தின் எந்த மூலையில் எவ்வளவு நேரம் வெயில் விழுகின்றது என்பதை ஒரு வாரம் கவனித்த பின்னரே கயிறு பிடித்து எல்லை வகுத்தோம். வேம்பின் நிழல் எட்டாத கீழ்ப்புறமே தக்கதெனத் தோன்றிற்று.

எந்தப் பூ என்பதில் எமக்குக் குழப்பமில்லை. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகைக்கு எம் முற்றத்தில் இடமில்லையெனில் வேறெதற்கு இடம்? இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் இதன் நாற்றுகளுக்குப் பெயர் பெற்றது. 12 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட பாத்தியில், 4 அடி இடைவெளி விட்டு, இரு வரிசையாக 6 செடிகள். ஓரடி ஆழக் குழி. குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம். சரளைக் கற்களைப் பொறுக்கியெடுத்து, மேல்மண்ணை எருவுடன் கலந்து நிரப்பினோம். தேங்கிய நீரை மல்லிகை வேர் தாங்காது. ஆதலின் பாத்தியைச் சற்று மேடாக்கினோம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கட்டுமென்று ஆவணியில் நட்டோம். ஓரங்களில் செண்டுமல்லி, அதன் வேர் மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைக்கும்.

வளர்ந்த செடியைக் கார்த்திகையில் ஒன்றரை அடி உயரத்திற்குக் கவாத்து செய்தல் வேண்டும். புதுக் கிளைகளிலேதான் அரும்பு கட்டும். கனிதரும் கிளையைத் தந்தை கழித்துவிடுவது பற்றி ஆண்டவர் மொழிந்ததன் பொருள், கத்தரி பிடித்த கைக்கு எளிதில் விளங்கும். வெட்டு உண்டு, அது தளிர்ப்பதற்காகவே.

கணவரை இழந்த பெண்ணுக்கு நம் சமுதாயம் செய்யும் கவாத்தோ வேறு வகை. அது தளிரை எதிர்பார்ப்பதில்லை. பாத்தி பற்றிப் பேசிய அன்று எம் அன்னையார், "பிள்ளைகள் சூடட்டும், எனக்கெதற்கு?" என்றார். தந்தையார் மறைந்த நாள்முதல் அவர் பூவைத் தொடுவது மாதா படத்திற்கு மாலை சாத்த மட்டுமே. கிறிஸ்தவக் குடும்பமாயினும் இவ்வழக்கம் எம்மையும் விடவில்லை. திருச்சபையின் சட்டம் எதுவும் கைம்பெண்ணுக்குப் பூவை விலக்கவில்லை. குழந்தை இயேசுவைக் கோவிலில் கண்டு புகழ்பாடிய அன்னாவும் கைம்பெண்ணே. நயீன் ஊர்க் கைம்பெண்ணின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கியவர் நம் ஆண்டவர்.

எனவே பாத்தியை அன்னையாரின் பொறுப்பிலேயே விட்டோம். அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுபவர் அவர். பொழுது புலருமுன் முற்றிய அரும்புகளைக் கொய்பவரும் அவரே. மாதாவின் வணக்க மாதமாகிய மே மாதத்தில் மல்லிகையும் மிகுதியாகப் பூக்கின்றது. முதற்சரம் மாதாவுக்கு, அடுத்தது மருமகளுக்கும் பேத்திகளுக்கும். "அப்பத்தா, உங்களுக்கு?" என்று சிறியவள் கேட்டபோது, அவர் மறுக்கவில்லை; நறுக்கிய துண்டுச் சரத்தை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் முகர்ந்திருந்தார்.

இன்னும் அவர் சூடவில்லை. நாங்கள் வற்புறுத்தவுமில்லை. சூடுவதும் சூடாமையும் அவர்தம் விருப்பம். வேண்டாமென்னும் சொல் மட்டும் எம் இல்லத்தாரிடமிருந்து வரலாகாது. நாள்தோறும் அவர் பங்கைத் தனியே எடுத்து வைக்கிறோம்.

புதிதாகப் பாத்தி வகுக்கும் குடும்பத்தினரே, வெயிலையும் மண்ணையும் பார்த்த பின், அப்பூ யாருக்கு மறுக்கப்படுகின்றது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.