யப்பான் கடையில் ஊவாத் தேயிலை

யப்பான் நாட்டுக்குச் சென்று மீள்வோர் பூஜி மலையையும் சகுரா மலரையும் புகழ்ந்துரைப்பது வழக்கம். நாம் போய்ச் சேர்ந்தபோது சகுரா உதிர்ந்து முடிந்திருந்தது. 3,776 மீற்றர் உயரமுள்ள பூஜி மலையோ மூன்று நாளும் முகிலுக்குள் மறைந்திருந்தது. ஆதலின் அவ்விரண்டைப் பற்றியும் வாசகர்கள் எம்மிடம் கேளாதிருப்பார்களாக. உண்மையைச் சொல்லின், பதுளைப் பகுதியில் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்து, கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளையே பெரிதும் மாணவராகப் பெற்ற எமது கண்கள், அந்நாட்டில் இறங்கிய நாள் முதலாய்த் தேயிலைச் செடியையே தேடின.

தோக்கியோவிலிருந்து மேற்கே, 1964 இல் ஓடத் தொடங்கிய அதிவேகப் புகையிரதத்திற் சென்றோம். புகையே இல்லாத அதனை என்ன பெயரால் அழைப்பதென்று தெரியவில்லை. சிசுவோக்கா மாகாணத்தை அடைந்ததும் சன்னலுக்கு அப்பால் தேயிலை தோன்றிற்று. எமது மலைகளிற் செடிகள் மேசை போல் மட்டமாய் நிற்கும். அங்கே நீண்ட நிரைகளாய், முதுகு வளைந்த பச்சைப் புழுக்கள் அடுத்தடுத்துப் படுத்திருப்பன போற் காட்சியளித்தன. தோட்டத்தின் நடுவே கம்பங்களில் மின்விசிறிகள்! மனிதருக்கே விசிறி போதாத உலகில் செடிக்கு விசிறியா என்று வியந்து வினவினோம். வசந்த கால இரவுகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகாதபடி, மேலேயுள்ள இளஞ்சூடான காற்றைக் கீழே தள்ளுவதற்காம்.

அம்மாகாணத்து மக்கினொகரா மேட்டுநிலத்தில் ஒரு பகல் முழுவதும் சுற்றினோம். தலையிற் கயிறு மாட்டி முதுகிற் கூடை தொங்க நிற்கும் பெண்ணொருத்தியையும் காணோம். வில் போல் வளைந்த பொறியொன்றை நிரையின் இருமருங்கும் இருவர் பிடித்து நடக்க, கொழுந்து வெட்டுண்டு பின்னே தொங்கும் பைக்குள் பறந்து விழுகிறது. வசந்தம் பிறந்து எண்பத்தெட்டாம் நாள், அதாவது மே மாதம் 2 ஆம் திகதியளவில் பறிக்கும் முதற்கொழுந்து மங்கலமானதென்று கொள்வர்.

அம்மேட்டுநிலத்தின் வரலாறு எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தோக்குகாவா ஆட்சி வீழ்ந்த பின்னர், தொழிலிழந்த சாமுராய் வீரர்கள் 1869 இல் வாளை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துத் திருத்திய நிலம் அது. அவர்களிற் பலர் பின்னர் விலகிச் செல்ல, அயலூர்க் குடியானவர்கள் பயிரைக் காத்தனர். இன்றும் அங்குள்ள தோட்டங்கள் பெரும்பாலும் சிறு குடும்பங்களின் உடைமையே. ஏறத்தாழ அதே காலத்தில், தமிழகத்திலிருந்து மன்னார்க் காட்டு வழியே நடந்து, வழியிற் பலரைச் சாகக் கொடுத்து, நம் மலைநாட்டைத் திருத்தியவர்களுக்கு நிலம் உரிமையாகவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் போயிற்று. அது முற்றாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது.

கியோத்தோ நகரின் ஆலயங்களைப் பற்றித் தனியே எழுதல் வேண்டும். நம் கலைமகளே அந்நாட்டிற் ‘பென்சைத்தென்’ என்னும் பெயரோடு வழிபடப் பெறுகிறாள் என்பதை மாத்திரம் இங்கே குறிப்பிடுவோம். அந்நகருக்குத் தெற்கேயுள்ள உஜியே எமது நாட்டம். எய்சாய் என்னும் துறவி 1191 இற் சீனத்திலிருந்து தேயிலை வித்தைக் கொணர்ந்த பின்னர் புகழ்பெற்ற ஊர்களுள் அது தலையாயது. செடி நம் செடியே. நாம் கொழுந்தை வாடவிட்டு, அரைத்து, நிறம் மாறவிட்டு உலர்த்துகிறோம். அவர்கள் பறித்தவுடன் ஆவியில் அவித்துப் பச்சை நிறத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

உஜியில் ஒரு தேநீர் மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டோம். சென் நொ ரிக்கியூ (1522–1591) என்னும் ஆசான் வகுத்த முறைப்படி, வாயில் இடுப்பளவே இருந்தது. பெருந்தலைவனாயினும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து தவழ்ந்தே புகவேண்டும். நாமும் தவழ்ந்தோம்; எமது உடற்பருமனுக்கு அஃது எளிதாயில்லை. தேநீர் கைத்தது. அதற்கு முன்னரே ஓர் இனிப்புத் தருகிறார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிக்கும் நம்மவர்க்கு இதிற் புதுமையில்லை.

மறுநாட் கியோத்தோவில், தேயிலைக் கடையொன்றின் தட்டிலே மூன்று பேணிகள் தனியே வீற்றிருந்தன. உலகின் மும்பெருந் தேயிலைகள் என்று யப்பானியர் போற்றுபவை அவை: இந்தியாவின் டார்ஜிலிங், சீனத்தின் கீமுன், மூன்றாவது ‘உபா’. வகரம் அவர்கள் நாவிற் பகரமாய்த் திரிகிறது. அது நம் ஊவாவே! கடைக்காரர் பேணியைத் திறந்து முகரச் செய்தார். ஆடி ஆவணியில், மேற்கு மலைகளில் மழையைச் சொரிந்துவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்றிலே கொழுந்தில் ஏறும் குளிர்ந்த மணம் அது. அந்த ஊரிலிருந்துதான் வருகிறோம் என்றதும் எழுந்து வணங்கினார். அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, பசறை என்று கடதாசியில் வரைந்து காட்டினோம். பின்னர் அவர் மிக்க ஆர்வத்தோடு வினவினார்:

“இதனைப் பறிப்பவர்கள் பால் சேர்த்து அருந்துவார்களா, தனியே அருந்துவார்களா?”

“அவர்கள் இதனை அருந்துவதில்லை” என்றோம்.

மொழிபெயர்த்த நண்பர் தாம் தவறாய்க் கேட்டதாக எண்ணி மறுபடியும் எம்மைக் கேட்டார். நல்ல தரமெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போக, லயங்களில் தூளே கொதிக்கிறதென்று விளக்கினோம். கடைக்காரர் ஒன்றுஞ் சொல்லாது பேணியை மூடினார்.

ஊர் திரும்பிய பின்னர், ஆவணி மாதத்தில், ஊவாவின் பருவகாலத் தேயிலையில் கால் கிலோ விலைக்கு வாங்கி, வகுப்பிலே நீர் கொதிக்கவைத்து மாணவர்க்கு ஊற்றிக் கொடுத்தோம். முதலில் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, “சேர், கோடாலித் தைலம் மணக்குது” என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சொன்னது முற்றிலும் சரி. அத்தகைய தைலங்களிற் கலக்கும் ஒரு பொருளே இயற்கையாக இக்கொழுந்திலும் உண்டாகிறது என்று விளக்கினோம். அவளுடைய தாயார் பசறைப் பக்கத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். மணி அடித்ததும், எஞ்சியிருந்த தேயிலையைக் கேட்டு வாங்கி, கொப்பித் தாளில் மடித்து எடுத்துச் சென்றாள்.