நின்ற நேரம்
ஏரிக்கரையில் ஒரு பெண் சும்மா நிற்க முடியாது. யாருக்காக நிற்கிறீர்கள், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரணை வந்துவிடும். கழுத்தில் கேமரா தொங்கினால் கேள்வி மாறுகிறது: "என்ன பறவை மேடம்?" இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

ஊதாத் தேன்சிட்டில் ஆணின் மினுமினுப்பை எல்லோரும் படமெடுக்கிறார்கள். கூடு கட்டுவது பழுப்பும் மஞ்சளுமான பெண்சிட்டு. அவளைத்தான் நான் எடுக்கிறேன், படம் சுமாராக வந்தாலும். பிறகு ஈபேர்டில் பட்டியல் இடுவேன். இடம், தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பறவைகள் என்று கேட்கும். பார்த்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கும். 1 என்று இட்டால், ஏன் தனியாகப் போனாய் என்று கேட்காது.

குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களைக் கபிலரின் தாவர அறிவுக்குச் சான்றாக வகுப்பில் சொல்வது வழக்கம். அந்தப் பட்டியலைச் சொல்பவள் தோழி, கேட்பவள் செவிலி. தலைவியும் தானும் வெளியே கழித்த பகலுக்கு அவள் விளக்கம் தர வேண்டியிருக்கிறது.

என் பட்டியல் யாருக்கும் தரும் விளக்கமல்ல. 47 நிமிடம், 11 இனங்கள். அவ்வளவு நேரம் நான் அங்கே நின்றிருந்தேன்.