ஐம்பதுக்குப் பூஜ்யம்

தசராவுக்கு மாலை போட்டிருந்த அண்ணன் மகன், குலசேகரன்பட்டினத்து வீட்டுத் திண்ணையில் தம்பியோடு வாதாடிக்கொண்டிருந்தான். குத்துச்சண்டையில் யார் பெரியவர்? ராக்கி மார்சியானோ 49 போட்டி, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். ஃபிளாய்ட் மேவெதர் 50க்கு 50, ஆனால் நாக் அவுட் 27தான். "ஒண்ணுல கூட தோக்கல அத்தை, அதான் கணக்கு" என்றான். காளி வேஷம் கட்டப்போகிறவன் அவன். (எங்கள் ஊரில் காளியாவது பெரும்பாலும் ஆண்கள்தாம். அது தனிக்கதை.)

ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்கே பரணி என்று இலக்கணம் வகுத்த மொழியில் பாடம் நடத்துகிறேன். எண்ணிக்கையின் மயக்கம் எனக்குப் புதிதல்ல. மேவெதரின் ஐம்பதாவது எதிராளி கானர் மெக்ரிகருக்கு அதுதான் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை என்பது பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. நான் கேட்டது வேறு. தன் குழந்தைகளின் தாயை அடித்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2012இல் இரண்டு மாதம் சிறையில் இருந்தாரே மேவெதர், அது எந்தக் கட்டத்தில் வரும்?

"அது ரிங்குக்கு வெளிய நடந்தது அத்தை."

சரிதான். கயிற்றுக்கு உள்ளே விழுந்த அடியை மட்டுமே பட்டியல் எண்ணும்.

மேரி கோமின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். உலகப் பட்டங்கள் 2002, 2005, 2006, 2008, 2010. பிறகு 2018இல் ஆறாவது. 2007இல் அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 2006க்கும் 2008க்கும் நடுவே உலகப் போட்டி இல்லை. அதனால் கர்ப்பம், பிரசவம், மறுபடி பயிற்சிக்கு உடம்பைப் பழக்கியது எல்லாமே அந்த இடுக்கில் தடயமின்றி அடங்கிவிட்டன. ஓடாத வருஷம்போல ஒரு வெற்றிடம்கூட அங்கே கிடையாது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டைக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. ஆண்களுக்கு 10 எடைப்பிரிவுகள், பெண்களுக்கு 3. அதில் மிகக் குறைந்ததே 51 கிலோ. 45, 46, 48 கிலோவில் பட்டம் வென்றுவந்தவர் எடையை ஏற்றிக்கொண்டு, தன்னைவிட உயரமானவர்களோடு மோதவேண்டி வந்தது. அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்றார். அவருடைய எடைக்குப் பிரிவே இல்லாத போட்டியில் வாங்கிய அந்த வெண்கலத்தை, தங்கங்களுக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணுகிறோம். என் கணக்கில் அது தங்கங்களுக்கு முன்னால் வரும்.

சரிதா தேவியும் மணிப்பூர்க்காரர்தான், 2006இன் உலக சாம்பியன். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியின் அரையிறுதியில் நடுவர்கள் கொரியப் பெண்ணுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். பரிசளிப்பு மேடையில் அழுதபடி தன் வெண்கலத்தைக் கழுத்தில் போட மறுத்து, அந்தக் கொரியப் பெண்ணுக்கே கொடுக்கப் போனார் சரிதா. ஓராண்டு தடை விழுந்தது.

2014 வரிசையில் அவர் பெயருக்கு நேரே வெண்கலம் என்றே இருக்கிறது.