திருவிழாப் பயணமும் பள்ளி நாளும்

ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. அந்நாள்களில் ஒருமுறை தஞ்சையிலிருந்து திருவாரூர், நாகை வழியே சென்றோம். சாலையின் இருமருங்கும் சம்பா நாற்றங்கால்கள். காவியுடுத்தி வெறுங்காலுடன் நடந்த குடும்பங்களிடையே பள்ளிச் சிறுவர் பலரைக் கண்டோம்.

"பள்ளிக்கூடம் இல்லையா, தம்பி?" என்றோம் ஒருவனிடம். "காலாண்டுப் பரீட்சை வருகிறது, சாமி" என்று தலை குனிந்தான். "மாதாவுக்கு நேர்ந்தது, சாமி; விழா முடியும்வரை தங்க வேண்டும்" என்றார் தகப்பனார்.

அவரது பக்தியைக் குறை கூறோம். நவநாளுக்கு வாருங்கள் என்று பீடத்தில் நின்று அழைத்த நாமும் பள்ளி நாளை நினைவூட்ட மறந்தோமே! ஆயினும் அவர் உழவர். நடவுப் பருவம் தவறினால் விளைச்சல் என்னாகும் என்பதை அறிந்தவர். பிள்ளையின் பாடமும் அத்தகையதே.

பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் எருசலேம் திருவிழாவுக்குச் சென்ற இயேசு பாலன் எங்கே காணப்பட்டார்? போதகர் நடுவிலன்றோ!

பெற்றோரே, கொடியேற்றம் முதல் பெருவிழா வரையுள்ள பதினொரு நாள்களில் ஞாயிறு ஒன்றேனும் வாராதிருப்பதில்லை. பிள்ளைகளை அன்று அழைத்துச் செல்லுங்கள். நீண்ட நேர்ச்சையைக் கோடை விடுமுறையில் செலுத்துங்கள். அன்னை அப்போதும் அங்கே காத்திருப்பாள்.