எம்ஷர்: சாக்கடையாகி மீண்ட ஆறு

றூர் பிரதேசத்தில் குடியேறியிருக்கும் எமது குடும்பங்கள் பலவற்றின் வீடுகளுக்கு அருகிலேயே ஓர் ஆறு ஓடுகிறது. டோட்முண்ட், கெல்சன்கிர்ஹன், எசன், பொட்றொப், ஒபர்ஹவுசன் என எம்மவர் வாழும் நகரங்களைத் தொட்டுச் செல்லும் அதன் பெயர் எம்ஷர். றைன் நதியை எல்லோருக்கும் தெரியும். எம்ஷரைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். அதில் வியப்பில்லை. ஏறத்தாழ நூறு வருடங்களாக இந்நாட்டவரே அதை ஆறென்று மதிக்கவில்லை. மலக்கழிவு மிதக்கும் வாய்க்கால் என்று பொருள்படும் ஒரு கொச்சைப் பெயரால்தான் இப்பகுதி மக்கள் அதன் கிளை வாய்க்கால்களை அழைத்தார்கள்.

டோட்முண்டுக்குக் கிழக்கே ஹொல்ஸ்விக்கேட என்னும் சிற்றூரில் ஊற்றெடுத்து, எண்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடி, டின்ஸ்லாக்கன் பக்கத்தில் றைனில் கலக்கும் சிறிய ஆறு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதன் இரு கரைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் எழுந்தன. சுரங்கத்து உப்புநீர், ஆலைக் கழிவு, இலட்சக்கணக்கான மக்களின் மலசலம் எல்லாம் இதற்குள்ளேயே போயின. போதாக்குறைக்கு, கீழே கரியைத் தோண்டத் தோண்ட மேலே நிலம் தாழ்ந்தது. ஓட வேண்டிய நீர் தேங்கி நின்றது. வெள்ளமும் நோயும் வழமையாயின.

1899இல் நகரசபைகளும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து எம்ஷர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தன. யார் எவ்வளவு கெடுக்கிறாரோ, யார் எவ்வளவு பயன்பெறுகிறாரோ, அதற்கேற்பப் பணம் கட்ட வேண்டும் என்பதே ஏற்பாடு. என்னைக் கேட்டால், இந்த ஆற்றின் கதையில் கொங்கிறீற்றை விடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

அச்சங்கத்தின் பொறியியலாளர் வில்ஹெல்ம் மிடல்டோர்வ் வகுத்த திட்டம் இன்று கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். வளைந்து ஓடிய ஆற்றை நேராக்கி, ஆழமாக்கி, அடியில் கொங்கிறீற் பலகை பதித்து, கழிவு முழுவதையும் திறந்தபடியே வேகமாக றைனுக்கு அனுப்பினார்கள். நிலத்தடிக் குழாய் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டிருந்தால் நிலம் தாழும்போது குழாய்கள் உடைந்திருக்கும், உடைந்தது வெளியே தெரிந்திருக்காது. திறந்த கால்வாய் என்றால் உடைப்பைக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். அன்றைய நிலையில் அது உயிர் காத்த வேலை. அதே சங்கத்தில் பணியாற்றிய கார்ல் இம்ஹோவ் 1906இல் ஈரடுக்குத் தொட்டி ஒன்றை வடிவமைத்தார். மேலடுக்கில் கசடு படியும், கீழடுக்கில் அது காற்றின்றிச் செரிக்கும். 'இம்ஹோவ் தொட்டி' என்று உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

ஆறு மட்டும் செத்துவிட்டது. நாற்றத்தோடும் வேலியோடும் நான்கு தலைமுறைகள் வாழ்ந்தன.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து, பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது நிலம் தாழ்வது நின்றது. இனிக் குழாய் பதிக்கலாம் என்ற நிலை வந்ததும் 1992இல் வேலை தொடங்கியது. கழிவுக்கு ஒரு பாதை, ஆற்றுக்கு ஒரு பாதை என்பதே அடிப்படை. டோட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தின் கீழே கழிவுக் கால்வாய் அமைத்தார்கள். வீதிகளைக் கிளறாமல், முன்னே இயந்திரம் குடைந்து செல்லப் பின்னாலிருந்து குழாய்களைத் தள்ளினார்கள். நீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய் சரிந்துகொண்டே போக வேண்டும். அப்படியே விட்டால் அது பாதாளத்துக்குப் போய்விடும் அல்லவா? அதனால் கெல்சன்கிர்ஹன், பொட்றொப், ஒபர்ஹவுசன் ஆகிய மூன்றிடங்களில் பெரிய பம்பிகள் நீரை மேலே தூக்கிவிடுகின்றன. 2021 இறுதியில் எம்ஷர் கழிவு கலக்காத ஆறாகியது. செலவு சுமார் 550 கோடி யூரோ. ஒரு பொறியியலாளர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வூதியம் எடுக்கும் காலம் இதற்குப் பிடித்திருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் டோட்முண்ட் ஹோர்ட பகுதியிலுள்ள பீனிக்ஸ் ஏரிக்குப் போகலாம். அங்கே 2001 வரை உருக்காலை இயங்கியது. அதைக் கழற்றிச் சீனாவுக்கு ஏற்றிவிட்டு, அந்த நிலத்தைத் தோண்டி 2010இல் நீர் நிரப்பினார்கள். ஏரியோரமாக எம்ஷர் தனியே ஓடுகிறது. குளிக்க அனுமதியில்லை, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கரையில் எழுந்திருக்கும் மாடி வீடுகளின் விலையைப் பார்த்தால், அந்த ஆலையில் வெந்து உழைத்தவர்களுக்கு அங்கே ஓர் அறைகூடக் கிடைத்திருக்காது என்பது எனது எண்ணம்.

அதைவிட எனக்குப் பிடித்தது டூஸ்பூர்க் வடக்கிலுள்ள நிலக்காட்சிப் பூங்கா. 1985இல் மூடிய இரும்பாலையை இடிக்காமல், பீற்றர் லற்ஸ் என்ற வடிவமைப்பாளர் அப்படியே பூங்காவாக்கினார். ஊதுலையின் மேலே ஏறிப் பார்க்கலாம். பழைய எரிவாயுத் தாங்கிக்குள் நீர் நிரப்பிச் சுழியோடிகள் பயிற்சி பெறுகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் ஒரு ஞாயிறு முழுவதும் செலவில்லாமல் கழியும்.

ஆனால் கணக்கு முடிந்துவிடவில்லை. றூரில் சில இடங்கள் 25 மீற்றர் வரை தாழ்ந்துவிட்டன. எம்ஷர்ப் படுகையில் ஐந்தில் இரண்டு பங்களவு நிலம், பம்பிகள் நின்றால் நீருக்குள் போய்விடும். பொட்றொப்பில் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. இருந்தும் பம்பிகள் ஓடியபடியே இருக்கின்றன. ஜேர்மனியர் இவற்றை 'நித்தியப் பணிகள்' என்கிறார்கள். கரி விற்ற காசு எப்போதோ கரைந்துவிட்டது, மின்கட்டணம் எங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் வரும்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் கீழே தேங்கும் மழைநீர்தான் கிணற்றில் வருகிறது. சுன்னாகம் மின்நிலையப் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. எம்ஷரைத் தனிக் குழாய் போட்டுப் பிரித்தார்கள். கல்லுக்குள் கசியும் நீரை அப்படிப் பிரிக்க வழியில்லை. பிள்ளையைப் பொறியியலாளராக்க வேண்டும் என்று இரவும் பகலும் பாடுபடும் பெற்றோர், வீட்டில் இதையும் ஒருமுறை பேசலாம். கழிவுநீர்த் தொழில்நுட்பத்தில் மூன்று வருடத் தொழிற்பயிற்சியும் இங்கே உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அது குறைவான வழியல்ல.

ஊற்றிலிருந்து றைன் வரை ஆற்றோரமாகச் சைக்கிள் பாதை இருக்கிறது. முழுவதும் ஓட முடியாதவர்கள் டின்ஸ்லாக்கன் முகத்துவாரத்துக்கு மட்டுமாவது போய் வாருங்கள். முன்பு அங்கே ஆறு பல மீற்றர் உயரத்திலிருந்து றைனுக்குள் விழுந்ததால் எந்த மீனும் ஏறி வர முடியவில்லை. 2022இல் புதிய முகத்துவாரத்தைத் தாழ்வாகவும் அகலமாகவும் திறந்துவிட்டார்கள். இப்போது மீன்களுக்கு வழி இருக்கிறது.