மூன்று சித்திரக் கொப்பிகள்

தோட்டப் பாடசாலைகளில் நிலவும் ஆசிரியர் பற்றாக்குறை குறித்துக் கட்டுரை எழுதும் நோக்கில் ஒருமுறை தெரணியகலைக்குச் சென்றிருந்தேன். அவிசாவளையில் ஏறிய பஸ்ஸோடு மழையும் கூடவே வந்தது. எழுத நினைத்த கட்டுரையை எழுதி முடித்தேன். அதில் இடம்பெற்ற விபரங்கள் இன்று மறந்துவிட்டன. ஆனால், ஒரு லயத்துக் காம்பராவில் பார்த்த மூன்று சித்திரக் கொப்பிகள் மறக்கவில்லை.

அவை பதினோராம் தரத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவிக்குரியவை. ஆறாம் தரக் கொப்பியில் இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. நம்மில் இந்தப் படத்தை வரையாதவர் யார்? கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னாள். மலைகளுக்கிடையே பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளையின் கொப்பியில் அவள் கண்ட மலை ஒன்றுகூட இல்லை.

இது பழைய நோய்தான். 1920களில் இலங்கையின் சித்திரக் கல்விப் பரிசோதகராக இருந்த சார்ள்ஸ் ஃபிறீகுறோவ் வின்சர், பிரதி செய்வதை விட்டுப் பிள்ளைகள் தாம் கண்டதை வரையவேண்டும் என்று வற்புறுத்தியவர். எஸ்.ஆர்.கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஓவியக் கழகம் அவருடைய பெயரையே தாங்கியது. 1943இல் கொழும்பில் உருவான '43 குழு'வும் இலங்கை ஓவியத்தைப் பழைய பாணிகளிலிருந்து விடுவிக்க முயன்றது. அக்குழுவின் முக்கிய ஓவியர்களுள் ஒருவர் ஜஸ்டின் தெரணியகல. ஊரின் பெயர் ஓவிய வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. ஊர்ப் பாடசாலையின் கரும்பலகையில் அதே இரண்டு மலைகள்!

இரண்டாவது கொப்பியில் பாதி வெறுமை. சித்திர ஆசிரியர் இல்லாத காலம் அது.

மூன்றாவதைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புதிதாக வந்த ஆசிரியை, இறப்பர் பால் வடியும் சிரட்டையொன்றை மேசைமேல் வைத்து வரையச் சொன்னாராம். அதே சிரட்டை ஒன்பது பக்கங்களில் இருந்தது. முதலாவது வெறும் வட்டம். நான்காவதில் நிழல் விழுந்தது. ஆறாவதில் சிரட்டைக்கு உட்குழிவு வந்தது. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பாலை எப்படிக் காட்டுவது என்பது அவளுக்குப் பெரும் சிக்கலாக இருந்திருக்கிறது. எட்டாவது படத்தில் அதற்கு விடை கண்டிருந்தாள். பாலைத் தீட்டவில்லை, சுற்றிலும் இருளைத் தீட்டித் தாளின் வெண்மையை அப்படியே விட்டிருந்தாள்.

மழை நாளில் பால்வெட்டு இல்லையாதலால் தாயும் வீட்டில் இருந்தார். "படம் வரஞ்சி என்னாங்க ஐயா கெடைக்கப் போகுது?" என்று என்னிடம் கேட்டார். சாதாரண தரப் பரீட்சையில் சித்திரமும் ஒரு பாடந்தானே என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தோட்டத்துப் பிள்ளைக்கு அதற்கு மேல் சித்திரம் படிக்க வழி எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

கடைசிப் பக்கத்தில், மரத்தருகே கத்தியோடு நிற்கும் ஒரு பெண். தாய் எட்டிப் பார்த்தார். தன்னைத்தான் மகள் வரைந்திருக்கிறாள் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. மரத்தின்மேல் விரலை வைத்தார்.

"வெட்டு இப்படிச் சரியாது பாப்பா. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. மாத்தி வெட்டுனா பால் கொறைஞ்சிரும்."

மகள் அழித்துத் திருத்தினாள். தாய் பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் சரிவு" என்றார். ஆசிரியை கற்றுக்கொடுக்க முடியாத ஒன்றை அந்தத் தாய் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்வியை அவரே மறந்துவிட்டார்.

திரும்பி வரும்போது என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒழுகும் கூரை, இடிந்த சுவர், ஏங்கும் முகங்கள். எதுவும் பொய்யல்ல. ஆனாலும், தோட்டங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றிலும் இவைதான் இருந்தன. எனக்கும் ஒரு கரும்பலகை இருந்திருக்கிறது.